டேப்லோ சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராவது: ஃபீல்டைப் போடும் முன் விடையைச் சொல்லுங்கள்

டேட்டா விஷுவலைசேஷன் (தரவைப் படங்களாகக் காட்டும்) மென்பொருட்களில் அடிப்படைச் சான்றிதழ் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் டேப்லோ. பல ஆண்டுகள் ‘டேப்லோ டெஸ்க்டாப் ஸ்பெஷலிஸ்ட்’ என்று அறியப்பட்ட தேர்வு, 2025-இல் டேப்லோவின் உரிமையாளரான சேல்ஸ்ஃபோர்ஸின் சான்றிதழ் வரிசையில் சேர்ந்து ‘டேப்லோ டெஸ்க்டாப் ஃபவுண்டேஷன்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் படிக்க வேண்டியது மாறவில்லை. பழைய பெயரில் இருக்கும் நல்ல பயிற்சிப் பாடங்களை ஒதுக்க வேண்டாம்.

நேரம் 60 நிமிடம். மதிப்பெண் உள்ள கேள்விகள் 40. மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள் 5 வரை கலந்திருக்கும், எது எது என்று தெரியாது. ஆக ஒரு கேள்விக்கு 80 விநாடி. ஸ்பெஷலிஸ்ட் தேர்வின் வழிகாட்டி பாடத்தை நான்காகப் பிரித்தது: தரவை இணைத்துத் தயார் செய்வது 25%, ஆராய்வதும் அலசுவதும் 35%, பகிர்வது 25%, அடிப்படைக் கருத்துகள் 15%. பதிவு செய்யும் நாளில் அப்போதைய வழிகாட்டியை இறக்கி இந்தப் பங்கீட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு இந்தத் தேர்வில் மென்பொருளைத் திறந்து செய்துகாட்டும் பகுதியும் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், இப்போது எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். எளிதாகிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மென்பொருள் முன்னால் இருந்தால் செய்து பார்த்து விடை கண்டுபிடிக்கலாம். இப்போது திரையே இல்லாமல், ‘இதை இங்கே போட்டால் என்ன வரும்’ என்று மனத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். பயிற்சியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

என்னென்ன தேவை

டேப்லோ பப்ளிக் இலவசம். தேர்வுக்குத் தேவையானதில் பெரும்பகுதியை அதிலேயே பழகலாம். டேட்டாபேஸ் இணைப்புகள் மட்டும் குறைவு. டெஸ்க்டாப் பதிப்பின் 14 நாள் இலவசச் சோதனையை முதல் நாளே தொடங்கி வீணாக்காமல், கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தரவுக்கு எங்கும் அலைய வேண்டாம். ‘சாம்பிள் சூப்பர்ஸ்டோர்’ என்ற அமெரிக்கக் கடை ஒன்றின் விற்பனைக் கோப்பு போதும். ஆர்டர்ஸ், பீப்பிள், ரிட்டர்ன்ஸ் என்று மூன்று தாள்கள். நான்கு ஆண்டு விற்பனை, 4 ரீஜன், 3 கேட்டகரி, 17 சப்-கேட்டகரி. இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள். கீழே வரும் பயிற்சி முழுக்க இவற்றை வைத்துத்தான்.

பயிற்சி முறை: மார்க் எண்ணுவது

டேப்லோ திரையின் கீழ் இடது மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எத்தனை மார்க், எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை என்று. படத்தில் வரையப்படும் ஒவ்வொரு பாரும், புள்ளியும், எண்ணும் ஒரு மார்க். பாடம் நடத்துகிறவர்களே பலர் இதைக் காட்டுவதில்லை. இதைவிட நல்ல ஆசிரியர் அந்த மென்பொருளுக்குள் கிடையாது.

ஒரு ஃபீல்டை (தரவின் ஒரு நெடுவரிசையை) இழுக்கும் முன், எத்தனை மார்க் வரும் என்று தாளில் எழுதுங்கள். பிறகு போட்டுப் பாருங்கள். ஃபீல்டுகளை இழுத்து விடும் பட்டைதான் ஷெல்ஃப்: ‘ரோஸ்’ வரிகளுக்கு, ‘காலம்ஸ்’ நெடுவரிசைகளுக்கு. சேல்ஸை மட்டும் ‘ரோஸ்’ ஷெல்ஃபில் போட்டால் 1. கேட்டகரியை ‘காலம்ஸ்’ ஷெல்ஃபில் சேர்த்தால் 3. ரீஜனை கலரில் போட்டால் 3 × 4 = 12. கேட்டகரியை எடுத்துவிட்டுச் சப்-கேட்டகரியை வைத்தால் 17 × 4 = 68. இப்போது பிராஃபிட்டை லேபிளில் போடுங்கள். மார்க் கூடுமா? கூடாது, பிராஃபிட் மெஷர் (கூட்டக்கூடிய எண்), அது கூட்டித் தரும், பிரிக்காது. டைமென்ஷன்தான், அதாவது கேட்டகரி, ரீஜன் போன்ற வகைப் பெயர்கள்தான், பிரிக்கும். டிடெயில், கலர், சைஸ், லேபிள் எதில் போட்டாலும் டைமென்ஷன் பிரித்தே தீரும்; டூல்டிப்பில் (சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் பெட்டியில்) போட்டால் மட்டும் தானாகவே ‘ஆட்ரிபியூட்’ (ஒரே மதிப்பு இருந்தால் மட்டும் அதைக் காட்டுவது) ஆக மாறி, பிரிக்காமல் நிற்கும்.

ஒரு நாளைக்கு இருபது முறை இப்படி எழுதிச் சரிபார்த்தால் ஒரு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும். விடை தப்பும் இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் உண்மையான பாடத்திட்டம்.

நீலமும் பச்சையும்

ஷெல்ஃபில் போட்டதும் ஃபீல்டு மாத்திரை வடிவப் பட்டையாக நிற்கும். அதைப் பில் என்பார்கள். கடை பில் அல்ல, மாத்திரை பில். சில நீலம், சில பச்சை. இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்.

‘நீலம் டைமென்ஷன், பச்சை மெஷர்’ என்று பாதி வீடியோக்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறு. நீலம் என்றால் டிஸ்கிரீட் (தனித்தனி மதிப்புகள்), பச்சை என்றால் கன்டினியூவஸ் (தொடர்ந்து ஓடும் மதிப்பு). டைமென்ஷனா மெஷரா என்பது வேறு கேள்வி. இரண்டும் இரண்டும் சேர்ந்து நான்கு வகை வரும். தேர்வு இந்த நான்கையும் கலந்து கேட்கும்.

வேறுபாடு நடைமுறையில் இப்படித் தெரியும். நீல பில் ஷெல்ஃபில் விழுந்தால் தலைப்புகள் வரும். பச்சை பில் விழுந்தால் அச்சு வரும். கலரில் நீலம் போட்டால் தனித்தனி நிறங்கள். பச்சை போட்டால் வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை ஒரே ஓட்டம். ஃபில்டரில் நீலம் என்றால் டிக் போடும் பட்டியல். பச்சை என்றால் இழுக்கும் ஸ்லைடர். தலைப்புகளை விருப்பம்போல வரிசை மாற்றலாம். அச்சில் 10-க்குப் பிறகு 5 வராது.

செய்து பாருங்கள். சேல்ஸ் பில்லை ரைட் கிளிக் செய்து ‘டிஸ்கிரீட்’ ஆக்குங்கள். பார் மறைந்து வெறும் எண் தலைப்பாக நிற்கும். பில் இப்போது நீலம், ஆனால் இன்னமும் சேல்ஸின் கூட்டுத்தொகைதான், அதாவது மெஷர்தான். இந்த ஒரு சோதனை அந்த வீடியோ பாடத்தை உடைத்துவிடும்.

தேதியில் இது இன்னும் முக்கியம். ஆர்டர் டேட்டை ‘காலம்ஸ்’ ஷெல்ஃபில் போட்டதும் ஆண்டாக, நீலமாக நிற்கும். அதன் மெனுவைத் திறந்தால் ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்று ஒரே பெயர்கள் இரண்டு தொகுதியாக இருக்கும். ஏதோ பிழை என்று நினைக்க வேண்டாம். மேல் தொகுதி தேதியின் ஒரு துண்டை மட்டும் எடுக்கும்: மே என்றால் நான்கு ஆண்டின் மே மாதங்களும் ஒன்றாகக் கூடும். கீழ்த் தொகுதி தேதியைக் காலவரிசையில் வைக்கும்: ஒவ்வோர் ஆண்டின் மே மாதமும் தனி. மேலே மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் 12 புள்ளி, கீழே தேர்ந்தெடுத்தால் 48 புள்ளி. ‘எந்த மாதத்தில் விற்பனை வழக்கமாக ஏறுகிறது’ என்ற கேள்விக்கு 12. ‘நான்கு ஆண்டில் விற்பனை எப்படி வளர்ந்தது’ என்ற கேள்விக்கு 48. கோடு ஆண்டுக்கு ஆண்டு அறுந்து அறுந்து நிற்கிறதா? ஆண்டும் காலாண்டும் இரண்டு நீல பில்களாக இருக்கின்றன என்று பொருள். கீழ்த் தொகுதியின் காலாண்டு ஒன்றை மட்டும் பச்சையாக வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

தரவை இணைப்பது

நான்கு வழி: ரிலேஷன்ஷிப், ஜாயின், யூனியன், பிளெண்டிங். இவற்றில் ரிலேஷன்ஷிப் 2020-ஆம் ஆண்டின் 2020.2 பதிப்பில் வந்தது. அதற்கு முந்தைய பாடங்களில் இது இருக்காது. பழைய பாடம் படிப்பவர்கள் இந்த ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு தாள்களைக் கேன்வாஸில் இழுத்ததும் நடுவில் நூடுல்ஸ் போல ஒரு வளைந்த கோடு வந்தால் அது ரிலேஷன்ஷிப். தாள்கள் ஒன்றாகக் கலக்கவில்லை. எந்த ஃபீல்டைப் படத்தில் பயன்படுத்துகிறீர்களோ அதற்கேற்ப அப்போதுதான் சேரும். தாளை டபுள் கிளிக் செய்து உள்ளே போனால் அடுத்த அடுக்கு. அங்கே இன்னொரு தாளை இழுத்தால் இரண்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த குறி வரும், அது ஜாயின். தாள்கள் நிரந்தரமாக ஒட்டிவிடும்.

ஏன் இந்த வேறுபாடு முக்கியம் என்பதை ஓர் எண்ணில் பார்த்துவிடலாம். ரீஜனுக்கு ஒரு இலக்கு என்று நான்கே வரிகள் கொண்ட தாள் ஒன்றை எக்செலில் நீங்களே செய்யுங்கள். வெஸ்ட் இலக்கு 1,00,000. அதை ஆர்டர்ஸ் தாளோடு ரீஜன் வழியாக ஜாயின் செய்தால், வெஸ்டில் இருக்கும் 3,000-க்கும் மேற்பட்ட ஆர்டர் வரி ஒவ்வொன்றிலும் அந்த 1,00,000 ஒட்டிக்கொள்ளும். கூட்டினால் 30 கோடியைத் தாண்டும். ரிலேஷன்ஷிப் ஆக இணைத்தால் அதே கூட்டல் 1,00,000 என்றே வரும். தேர்வில் ‘கூட்டுத்தொகை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வருகிறது, ஏன்’ என்று கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யூனியன் ஒரே அமைப்புள்ள தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. ஜனவரி கோப்பு, பிப்ரவரி கோப்பு போல. ஒன்றில் ‘சேல்ஸ்’, இன்னொன்றில் ‘சேல்ஸ் அமவுண்ட்’ என்று பெயர் மாறியிருந்தால் இரண்டு நெடுவரிசையாகப் பிரிந்து பாதி ‘நல்’ (வெற்று மதிப்பு) ஆக நிற்கும். இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘மெர்ஜ் மிஸ்மேட்ச்டு ஃபீல்ட்ஸ்’ கொடுத்தால் சரியாகும். பிளெண்டிங் என்பது தனித்தனித் தரவு மூலங்களை ஒரே படத்தில் சேர்ப்பது. அதில் முதன்மை மூலத்துக்கு நீல டிக், இரண்டாவதற்கு ஆரஞ்சு டிக். கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி வந்தால், ஒரு மார்க்குக்கு இரண்டாவது மூலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு இருக்கிறது என்று பொருள்.

கோப்பு வகைகள் அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியவை. டி-டபிள்யூ-பி என்பது ஒர்க்புக் மட்டும், தரவு உள்ளே இல்லை. நண்பருக்கு அனுப்பினால் ‘கோப்பு எங்கே’ என்று அவர் கணினி கேட்கும். டி-டபிள்யூ-பி-எக்ஸ் ஆக அனுப்பினால் தரவும் படங்களும் கூடவே போகும். டி-டி-எஸ்-இல் இணைப்பு விவரமும் நீங்கள் செய்த கணக்கு ஃபீல்டுகளும் இருக்கும், தரவு இராது. டி-டி-எஸ்-எக்ஸ் அதன் பொதி. ஹைப்பர் என்பது எக்ஸ்ட்ராக்ட், அதாவது தரவிலிருந்து எடுத்து வைத்த நகல். கடைசியில் ‘எக்ஸ்’ வந்தால் மூட்டை கட்டியது என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஃபில்டர்களின் வரிசை

இங்கே குறைந்தது ஒரு கேள்வியாவது எதிர்பாருங்கள். ஃபில்டர்கள் நீங்கள் போட்ட வரிசையில் ஓடுவதில்லை. டேப்லோ தனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறது: எக்ஸ்ட்ராக்ட் ஃபில்டர், டேட்டா சோர்ஸ் ஃபில்டர், கான்டெக்ஸ்ட் ஃபில்டர், டைமென்ஷன் ஃபில்டர், மெஷர் ஃபில்டர், டேபிள் கால்குலேஷன் ஃபில்டர். முதல் 10, முதல் 5 போன்ற டாப் என் கணக்கு கான்டெக்ஸ்டுக்கும் டைமென்ஷனுக்கும் நடுவில் நடக்கும்.

செய்து பாருங்கள். கஸ்டமர் நேம் ‘ரோஸ்’ ஷெல்ஃபில், சேல்ஸ் ‘காலம்ஸ்’ ஷெல்ஃபில். கஸ்டமர் நேமை ஃபில்டரில் போட்டு, ‘டாப்’ தாவலில் சேல்ஸ்படி முதல் 10 என்று கொடுங்கள். 10 பேர் வருவார்கள். இப்போது சிட்டியை ஃபில்டரில் போட்டு நியூயார்க் சிட்டியை மட்டும் தேர்ந்தெடுங்கள். பட்டியல் 10-லிருந்து குறைந்துவிடும். காரணம், முதல் 10 பேர் மொத்தக் கடையிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். அவர்களில் நியூயார்க்கில் வாங்கியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். சிட்டி ஃபில்டரை ரைட் கிளிக் செய்து ‘ஆட் டு கான்டெக்ஸ்ட்’ கொடுங்கள். பில் சாம்பல் நிறமாகும், நியூயார்க்கின் முதல் 10 பேர் வந்து நிற்பார்கள்.

கணக்கு ஃபீல்டுகள்

லாப விகிதம் கேட்டால் பலர் பிராஃபிட் வகுத்தல் சேல்ஸ் என்று எழுதி விட்டுவிடுகிறார்கள். இரண்டே வரிகளை வைத்துப் பாருங்கள்: 100 ரூபாய் விற்பனையில் 50 லாபம், 900 ரூபாய் விற்பனையில் 90 லாபம். வரிக்கு வரி வகுத்தால் 50%, 10%. டேப்லோ இவற்றைக் கூட்டி 60% என்று காட்டும். சராசரிக்கு மாற்றினால் 30%. உண்மை விடை 1000-க்கு 140, அதாவது 14%. எழுத வேண்டியது: சம்(பிராஃபிட்) / சம்(சேல்ஸ்). முதலில் கூட்டல், பிறகு வகுத்தல். சரியாக எழுதியிருந்தால் பில்லின் முன் ‘ஏ-ஜி-ஜி’ (அக்ரிகேட், கூட்டியது) என்று நிற்கும். மேலே சம் போட்டுக் கீழே போடாமல் விட்டால், கூட்டியதையும் கூட்டாததையும் கலக்க முடியாது என்று பிழைச்செய்தி வரும்; தேர்வில் அந்தச் செய்தியையே காட்டிக் காரணம் கேட்கலாம்.

டேபிள் கால்குலேஷன் வேறு வகை. அது திரையில் ஏற்கெனவே இருக்கும் எண்களின்மேல் ஓடும். பில்லில் சின்ன முக்கோணம் தெரியும். கேட்டகரி ‘ரோஸ்’, ரீஜன் ‘காலம்ஸ்’, சேல்ஸ் டெக்ஸ்ட், 12 கட்டம். ‘பர்சென்ட் ஆஃப் டோட்டல்’ கொடுத்தால் வழக்கமாக ஒவ்வொரு வரியும் 100% ஆகும். ‘டேபிள் டவுன்’ என்று மாற்றினால் ஒவ்வொரு நெடுவரிசையும் 100%. ‘டேபிள்’ என்றால் 12 கட்டமும் சேர்ந்து 100%. இதிலே ஒரு நுணுக்கம்: ஒரு ரீஜனை ஃபில்டரில் நீக்கினால் மிச்சமுள்ளவை மீண்டும் 100% ஆகக் கணக்கிடப்படும். அதன் தலைப்பை ரைட் கிளிக் செய்து ‘ஹைட்’ கொடுத்தால் சதவீதங்கள் பழையபடியே இருக்கும்.

எல்-ஓ-டி எக்ஸ்பிரஷன்களில் (படத்தில் உள்ள பிரிவைச் சாராமல் வேறு மட்டத்தில் கணக்கிடுபவை) மூழ்க வேண்டாம். அடுத்த நிலைத் தேர்வுக்கு அவை வேண்டும். இதற்கு அந்த நேரத்தைப் பின்வருவனவற்றில் செலவிடலாம். ‘பின்’ (bin) என்பது மெஷரைச் சம அளவுத் துண்டாக்குவது, ஹிஸ்டோகிராமுக்கு. குரூப் என்பது உறுப்பினர்களை ஒன்றாகக் கட்டுவது, பேப்பர் கிளிப் குறி. செட் என்பது உள்ளே, வெளியே என்ற இரண்டே பிரிவு. பாராமீட்டர் ஒரே ஒரு மதிப்பை வைத்திருக்கும். அதைக் கணக்கிலோ ஃபில்டரிலோ ரெஃபரன்ஸ் கோட்டிலோ பயன்படுத்தும் வரை படம் அசையாது. ‘பாராமீட்டர் செய்தேன், ஒன்றும் மாறவில்லை’ என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டு மெஷர், ஒரு படம்

டூயல் ஆக்ஸிஸில் (ஒரே படத்தில் இரண்டு அச்சு) இரண்டு மெஷர்தான் போக முடியும். ஒவ்வொன்றுக்கும் தனி மார்க்ஸ் கார்டு (கலர், சைஸ், லேபிள் இருக்கும் பெட்டி), அதனால் ஒன்று பார், ஒன்று கோடு என்று வைக்கலாம். இரண்டாவது பில்லை ரைட் கிளிக் செய்து ‘டூயல் ஆக்ஸிஸ்’ கொடுத்ததும் பார்கள் திடீரென்று வட்டப் புள்ளிகளாக மாறினால் பதற வேண்டாம். மார்க் வகை ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறது, ‘பார்’ என்று மாற்றுங்கள். அடுத்து அச்சை ரைட் கிளிக் செய்து ‘சிங்க்ரனைஸ் ஆக்ஸிஸ்’. அது மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் ஒரு மெஷர் முழு எண், இன்னொன்று தசம எண் என்று தரவு வகை மாறியிருக்கக்கூடும், வகையை ஒன்றாக்குங்கள்.

ஒரு மெஷரை இன்னொன்றின் அச்சின்மேலேயே விட்டால் கம்பைன்டு ஆக்ஸிஸ். இங்கே எத்தனை மெஷர் வேண்டுமானாலும் சேரும், ஆனால் மார்க்ஸ் கார்டு ஒன்றுதான். மெஷர் நேம்ஸ், மெஷர் வேல்யூஸ் என்ற இரண்டு ஃபீல்டுகள் தாமாக வந்து உட்காரும்.

டாஷ்போர்டும் பகிர்தலும்

டாஷ்போர்டு என்பது பல படங்களை ஒரே திரையில் வைப்பது. பகிர்தலுக்கு 25% என்றாலும் இங்கே புரியாதது குறைவு, பெயர்களைப் பழகினால் போதும். டைல்டு ஒட்டி நிற்கும், ஃப்ளோட்டிங் மிதக்கும். வழக்கமான அளவு 1000 × 800, நிலையானது. ஆக்ஷன்கள் ஹோவர், செலக்ட், மெனு என்ற மூன்றில் ஒன்றால் கிளம்பும். ஒரு ஃபில்டர் பக்கத்துப் படத்தை மாற்றவில்லை என்றால் ‘அப்ளை டு ஒர்க்ஷீட்ஸ்’ மெனுவில் ‘இந்தத் தாளுக்கு மட்டும்’ என்று இருக்கும். எண்களை எக்செலுக்கு எடுக்க கிராஸ்டேப் (எண் அட்டவணை). படம், பி-டி-எஃப், பவர்பாயிண்ட் எல்லாம் தனித்தனி வழி. ஒவ்வொன்றையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வரைபடத்தில் இடம் விடுபட்டால் கீழ் வலது மூலையில் எத்தனை ‘அன்னோன்’ என்று வரும். அதை அழுத்தி ‘எடிட் லொகேஷன்ஸ்’ வழியாக நாடு, மாநிலத்தைச் சரிசெய்யலாம்.

நாள் கணக்கும் தேர்வு நாளும்

எக்செல் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், நான்கு வாரம் போதும். முதல் வாரம் மார்க் எண்ணுவதும் நீலம் பச்சையும் மட்டும். இரண்டாவது வாரம் தரவு இணைப்பு. மூன்றாவதில் ஃபில்டர், கணக்கு, படவகைகள். நான்காவதில் டாஷ்போர்டும் மாதிரித் தேர்வுகளும். இணையத்தில் ‘அசல் கேள்விகள்’ என்று விற்பதை வாங்க வேண்டாம்: அது விதிமீறல், சான்றிதழே ரத்தாகலாம்; விடைகளும் பல இடங்களில் தப்பு.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம். நம் பெயர்களில் இனிஷியல் ஒரு தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், கல்விச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருக்கும். தேர்வன்று எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதியுங்கள். பொருந்தாவிட்டால் உட்கார விடாமல் போகலாம்.

வீட்டிலிருந்து எழுதினால் மேசை காலியாக இருக்க வேண்டும், அறையில் வேறு யாரும் வரக்கூடாது, இரண்டாவது மானிட்டரைக் கழற்றிவிட வேண்டும். கணினிச் சோதனையை முந்தைய நாளே, அதே இணைய இணைப்பில் ஓட்டுங்கள். அலுவலக லேப்டாப் வேண்டாம். அதன் பாதுகாப்பு மென்பொருள் தேர்வுச் செயலியைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம்.

‘இரண்டைத் தேர்ந்தெடு’ என்று வரும் கேள்விகளில் எண்ணிக்கையை முதலில் படியுங்கள். 80 விநாடியில் பிடிபடாத கேள்வியில் ஒரு விடையைக் குறித்து, மறுபார்வைக் குறி போட்டுத் தாண்டுங்கள். அழிபலகை கொடுத்தால் அதில் முதல் வேலையாக ஃபில்டர்களின் வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.